டில்லியில் பத்துக் கோடிப் பேர்!

சென்ற மாதம் ஒரு மாலையில் டில்லி மாநகரின் ஜனத்தொகையை நான் பத்துக் கோடிக்கு உயர்த்திவிட்டேன். சங்கத்து அன்பர்கள் சிரிக்கலாம்; நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நம்மவர் எந்த ஜில்லாவில் அதிகம் என்று அறிய விரும்பி, 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின் தாய்மொழிப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இடம், தாய்மொழி, ஆண்-பெண் என்று பல திசைகளில் விரியும் பட்டியல் அது. புரோகிராம் எழுதுவோர் இதைப் பல பரிமாண அணி என்பார்கள். சோதனைக்காக, 'மொத்த நபர்கள்' என்ற பத்தி முழுவதையும் கூட்டச் சொன்னேன். 10,07,27,646 என்றது யந்திரம். டில்லியின் உண்மைத் தொகையோ 1,67,87,941!

குற்றம் யந்திரத்தின்மீது இல்லை. அந்தப் பட்டியலில் டில்லி முழுமைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்பது ஜில்லாக்களுக்குத் தனித்தனியே உண்டு. 27 தாலுகாக்களுக்கு மறுபடியும் உண்டு. போதாக்குறைக்கு, ஒவ்வொரு மொழிக்கும் தொகுதி மொத்தம் ஒரு வரி, அதன் கீழே உட்பிரிவு வரிகள். மூவிரண்டு ஆறு! ஒவ்வொரு டில்லிவாசியையும் ஆறு தடவை எண்ணியிருக்கிறேன்.

தபாலாபீசில் கடிதம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொகுத்து எண்ணுவதும் அதுவே. முதலில், தாலுகா வரிகளையும் அவற்றுள் உட்பிரிவு வரிகளையும் மட்டும் நிறுத்திக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு வரியிலும் ஜில்லாவையும் மொழியையும் சேர்த்து ஒரு விலாசமாக்க வேண்டும். அந்த விலாசத்துக்கு அறை இருந்தால் அதிலுள்ள எண்ணோடு கூட்டு; இல்லையேல் பூஜ்யம் இட்டுப் புது அறை திறந்து கூட்டு. வரிக்கு ஒன்று என்று கூட்டினால் வரிகளின் எண்ணிக்கைதான் கிடைக்கும், ஆட்களின் தொகை கிடைக்காது. வரியிலுள்ள நபர் எண்ணையே கூட்ட வேண்டும். வரிகள் எந்த ஒழுங்கில் வந்தாலும் விடை மாறாது. கடைசியில் எல்லா அறைகளையும் கூட்டிப் பார்த்தேன்: 1,67,87,941. அப்பாடா!

ஆனால் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. விலாசத்தை எழுதுவது யார்? 2011-இல் மக்கள் தம் தாய்மொழி என்று கூறிய பெயர்கள் 19,569. அவற்றைச் சீர்செய்து 1,369 ஆக்கினார்கள். வகைப்படாத 1,474 பெயர்கள் 'இதர' என்ற அறைக்குப் போயின. பதினாயிரம் பேருக்குக் குறையாமல் பேசும் தாய்மொழிகள் 270. அவற்றை 121 மொழிகளுக்குள் அடக்கினார்கள். நாம் 6.90 கோடித் தமிழர் என்று மார்தட்டுகிறோமே, அந்த அறையில் இருளர் பேச்சும் யெருகுலர் பேச்சும் அடக்கம். இருளர் பேச்சைத் தனி மொழியாகவே ஆராய்ந்து 1973-இல் நூல் வெளியிட்டார் செக் நாட்டு அறிஞர் கமில் ஸ்வெலபில். ஆந்திர தேசத்து யெருகுலரை நம் கணக்கில் சேர்க்கையில், அவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

புரோகிராம் எழுதும் நண்பர்களுக்கு ஒன்று: உட்பிரிவு வரிகளை ஒருபோதும் அழித்துவிடாதீர்கள். தொகுத்த எண்ணிலிருந்து உட்பிரிவுகளை மீட்க எந்தக் கணிதத்தாலும் ஆகாது.

அன்றிரவே இந்தியா முழுமைக்குமான பட்டியலை எடுத்து, விலாசத்தில் தொகுதிப் பெயருக்குப் பதிலாக உட்பிரிவின் பெயரை வைத்தேன். ஒரே ஒரு சொல் மாற்றம்தான். ஐந்து கோடிப் போஜ்புரிக்காரர்கள் தனியறைக்குக் குடிபோனார்கள். இன்னும் பலரும் பின்தொடர்ந்தார்கள். 52.83 கோடியாக இருந்த ஹிந்தி அறை 32.22 கோடியாக இளைத்தது. நம் அறையும் சற்றே சுருங்கியது. நாட்டின் மொத்தத்தில் மட்டும் ஓர் ஆள்கூடக் குறையவில்லை.