தாத்தாவின் குரல் ‘கரகர’க்கிறதா? பழைய கேம்கார்டர் கேசட் ஆடியோவைச் சரிசெய்வது எப்படி?

பரணில் கிடந்த கேம்கார்டர் கேசட்டைத் தேடி எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சு. 2003-ல் நடந்த காதுகுத்து. படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் எடிட் செய்து எக்ஸ்போர்ட் செய்ததும், இன்று நம்மோடு இல்லாத தாத்தாவின் குரல் கரகரக்கிறது. அல்லது கார்ட்டூன் பொம்மை மாதிரி கீச்சிடுகிறது. ‘டேப்பே போச்சு’ என்று பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். பல நேரங்களில் டேப் நன்றாகத்தான் இருக்கும். சத்தம் கெட்டது வேறு இடத்தில்.

எங்கே கெட்டது?

ஒரே 10 விநாடிப் பகுதியை ஹெட்போனில் நான்கு முறை கேளுங்கள்: கேமராவில், கேப்சர் செய்த ஃபைலில், எடிட்டிங் டைம்லைனில், கடைசி எக்ஸ்போர்ட்டில். முதன்முதலாக எங்கே கரகரப்பு வருகிறதோ, அங்கேதான் கோளாறு.

கேமராவிலேயே கரகரப்பா?

ஹெட்டில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். கிளீனிங் கேசட்டைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டிப் பாருங்கள். ‘எல்பி’ மோடில் பதிவான டேப் வேறு கேமராவில் விட்டுவிட்டு ஒலிக்கக்கூடும். பதிவு செய்த அதே கேமரா கிடைத்தால் நல்லது.

கேப்சரில் கெட்டால்?

விஎச்எஸ், ஹை8 போன்ற அனலாக் டேப்களில் இது அதிகம். பிளேயரின் ஆடியோ ஒயரை லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால், மைக்கின் மெல்லிய சிக்னலுக்காக உள்ள அந்த இடம் திணறிவிடும். ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். இதுதான் ‘கிளிப்பிங்’. பிறகு வால்யூமைக் குறைத்தால் சத்தம் குறையும். வெட்டுப்பட்ட உச்சி திரும்ப வராது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளின் ‘கிளிப் ஃபிக்ஸ்’ லேசான பாதிப்பை ஓரளவு சமாளிக்கும். லைன் இன்புட் வழியாக, அளவைக் குறைத்து மறுபடி கேப்சர் செய்வதே சரியான வழி.

டைம்லைனில் கெட்டால்?

‘மினிடிவி’ கேசட்டில் இது சகஜம். (இங்கே ‘டிவி’ என்பது டிஜிட்டல் வீடியோ.) இந்தக் கேமராக்களில் இரண்டு ஆடியோ மோடுகள் உண்டு: 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 48,000 அல்லது 32,000 ஒலித் துணுக்குகள். 32,000-ல் பதிவானதை மென்பொருள் 48,000 என்று தவறாக எடுத்துக்கொண்டால், ஒலி ஒன்றரை மடங்கு வேகமாக ஓடும். 60 நிமிடப் பேச்சு 40 நிமிடத்தில் முடிந்துவிடும். கீச்சுக்குரல் வருவது இப்படித்தான். ஒரே கேசட்டில் இரண்டு மோடும் கலந்திருந்தால், பாதி சரியாகவும் பாதி கோளாறாகவும் ஒலிக்கலாம்.

தீர்வு சுலபம். விஎல்சி பிளேயரில் கோடெக் தகவலைத் திறந்து சாம்பிள் ரேட்டைப் பாருங்கள். 32 என்று இருந்தால், ஆடியோவை மட்டும் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் ஃபைலாக மாற்றி, டைம்லைனில் பழைய ஆடியோவுக்குப் பதிலாக வையுங்கள். கலப்பு டேப் என்றால், காட்சிவாரியாகப் பிரித்துத் தனித்தனியே கேப்சர் செய்யுங்கள். கடைசி நிமிடத்தில் உதட்டசைவும் குரலும் பொருந்துகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்போர்ட்டில் மட்டும் கெட்டால்?

பின்னணிப் பாட்டும் பேச்சும் சேர்ந்து 0 டெசிபலைத் தாண்டியிருக்கும். மீட்டரில் உச்சம் மைனஸ் 3-க்குக் கீழே இருக்கட்டும். எக்ஸ்போர்ட்டிலும் 48 கிலோஹெர்ட்ஸையே தேர்ந்தெடுங்கள். ஏஏசி ஆடியோவுக்கு 192 கேபிபிஎஸ் போதும்.

ஒரிஜினலை அழிக்காதீர்கள்

மினிடிவி கேப்சர் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். இடம் போதவில்லை என்று எம்பி4-ஐ மட்டும் வைத்துக்கொண்டு அதை அழித்துவிடாதீர்கள். ஒரு காப்பியைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள். எடிட்டிங்கில் செய்த தப்பை நாளைக்கும் திருத்தலாம். ஒரிஜினல் போய்விட்டால் தாத்தாவின் குரலும் போய்விடும்.