தவளையும் முரண்நகையும்: ஆங்கிலச் சிறுகதையைப் பரீட்சைக்குப் படித்தல்

ஓ.எல். பரீட்சைக்கு ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கும் பிள்ளை ஒருத்தியின் கொப்பியை அண்மையில் புரட்டிப் பார்த்தேன். முதல் நான்கு பக்கமும் கலைச்சொற்கள். சிமிலி, மெட்டஃபர், ஐரனி, சிம்பல் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி வரைவிலக்கணம். அவ்வளவும் அவளுக்குப் பாடம். "ஐரனி எண்டா என்ன மகள்?" என்று கேட்டேன். மூச்சு விடாமல் ஒப்புவித்தாள். "சரி, லம்பர் ரூம் கதையில அது எங்க வருது?" என்றதும் பேச்சில்லை. கொஞ்சம் பொறுத்து, "அது டியூட்ல இல்ல சேர்" என்றாள்.

குறை அந்தப் பிள்ளையில் இல்லை. கலைச்சொல்லை வேறாகவும் கதையை வேறாகவும் படித்துக் கொடுக்கிறோம். அந்தச் சொற்கள் ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதினம் என்ற பயமும் வீட்டில் இருக்கிறது. சிமிலி என்றால் நம் உவமை. மெட்டஃபர் என்றால் உருவகம். மத்ரஸாவில் பலாகா ஓதியவர்கள் இவற்றையே தஷ்பீஹ், இஸ்திஆரா என்று படித்திருப்பார்கள். ஐரனி என்கிற முரண்நகைக்குத்தான் ஒற்றைச் சொல்லில் ஒத்தது கிடைப்பது கஷ்டம். வஞ்சப்புகழ்ச்சி அதன் ஒரு மூலையை மட்டுமே தொடுகிறது. ஆகவே வரைவிலக்கணத்தை விட்டுவிட்டுக் கதைக்குள் போவோம்.

'த லம்பர் ரூம்' கதையை எழுதிய சாகீயின் இயற்பெயர் ஹெக்டர் ஹியூ மன்றோ. 1870இல் பர்மாவில் பிறந்தவர், தாயை இழந்து இங்கிலாந்தில் கண்டிப்பான இரண்டு மாமிமாரிடம் வளர்ந்தார். முதலாம் உலகப் போரில் 1916இல் பிரான்சில் கொல்லப்பட்டார். உமர் கய்யாமின் ருபாயியாத்தில் கிண்ணம் ஏந்தி வரும் 'ஸாகீ'யிடமிருந்தே இந்தப் புனைபெயர் வந்தது என்பது பலருடைய கருத்து. பரீட்சைக்கு இதில் ஒரு வரி போதும், மீதி நமது சந்தோஷத்துக்கு.

கதை காலைச் சாப்பாட்டில் தொடங்குகிறது. தன் பால்-ரொட்டிக் கோப்பைக்குள் தவளை கிடக்கிறது என்கிறான் சிறுவன் நிக்கலஸ். பெரியவர்கள் அப்படி இருக்கவே முடியாது என்று அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் தவளை இருக்கிறது, ஏனென்றால் அதைப் போட்டதே அவன்தான்! தண்டனையாக மற்றப் பிள்ளைகளையெல்லாம் கடற்கரைக்கு அனுப்பிவிட்டு, அவனை மட்டும் வீட்டில் நிறுத்துகிறார் மாமி. தோட்டத்துக்குள்ளும் போகக் கூடாது என்று கட்டளை. (மாமி என்று நான் எழுதினாலும், அவர் உண்மையில் அவனுடைய மச்சான்மாரின் மாமி. தன்னையும் அவனுக்கு மாமி ஆக்கிக்கொண்டவர். மாமியா சாச்சியா பெரியம்மாவா என்று உறவைப் பிரித்துச் சொல்லும் நமக்கு, கதைசொல்லி இந்த இடத்தில் குத்துவது உடனே விளங்க வேண்டும்.)

நிக்கலஸ் தோட்ட வாசல் பக்கம் பதுங்கிப் பதுங்கிப் போய்க் காட்டுகிறான். மாமி காவலாளிபோல் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவன் விரும்பியதோ தோட்டத்தை அல்ல, பூட்டிக் கிடக்கும் சாமான் அறையை. சாவியை எடுத்து உள்ளே போய்விடுகிறான். அவன் திட்டம் வாசகருக்குத் தெரியும், மாமிக்குத் தெரியாது. இது நாடக முரண்.

பிறகு மாமி அவனைத் தேடித் தோட்டத்துக்குள் போய் மழைநீர்த் தொட்டிக்குள் விழுகிறார். தூக்கிவிடச் சொல்லிக் கத்துகிறார். தோட்டத்துக்குள் வரக் கூடாதென்று சொன்னார்களே என்கிறான் அவன். தொட்டிக்குள் இருப்பது மாமியா ஷைத்தானா என்று சோதிக்க, தேநீருக்கு ஸ்ட்ரோபெரி ஜாம் கிடைக்குமா என்றும் கேட்கிறான். கிடைக்கும் என்கிறது குரல். நேற்றுக் கேட்டபோது ஜாமே இல்லை என்று சொன்னவர் மாமி. ஆகவே இது ஷைத்தான்தான் என்று நடந்துவிடுகிறான். அலுமாரியில் நான்கு போத்தல் ஜாம் இருப்பது அவனுக்கு முன்பே தெரியும்! நம்பாதது போல நடித்துப் பேசும் இந்தப் பேச்சு சொல் முரண். அதோடு, கட்டளை போட்டவரே அந்தக் கட்டளையை மீறச் சொல்லிக் கெஞ்ச வேண்டி வந்ததே, அது சூழல் முரண். கடற்கரைக்குப் போன பிள்ளைகளுக்கோ அலை ஏறி விளையாட மணலே இல்லை. வெகுமதி பெற்றவர்களுக்கு அது வீணான நாள், தண்டனை பெற்றவனுக்கு ஈத் போன்ற நாள்.

இனி விடை எழுதுவதைப் பார்ப்போம். "சாகீ இக்கதையில் முரண்நகையைப் பயன்படுத்தியுள்ளார்" என்ற வரியை எந்தக் கதையின் பெயரைப் போட்டும் எழுதலாம், அதனாலேயே அதற்குப் பெறுமதி இல்லை. "தோட்டத்துக்குள் வரக் கூடாதென்ற மாமி, அதே தோட்டத்தில் விழுந்து நிக்கலஸின் உதவியைக் கேட்கிறார், அவருடைய சொல்லே அவருடைய அதிகாரத்தைத் தோற்கடிப்பதை இந்தச் சூழல் முரண் காட்டுகிறது" என்று எழுதிப் பாருங்கள். இதில் சம்பவம் இருக்கிறது, கலைச்சொல் இருக்கிறது, அது கதையில் செய்யும் வேலையும் இருக்கிறது. மூன்றாவதைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலம் எளிதாக இருந்தால் பரவாயில்லை. பெரிய சொற்களைத் தேடிப் போய் வசனத்தைக் குழப்பிக்கொள்வதுதான் நட்டம்.

ஒஸ்கார் வைல்டின் 'த நைட்டிங்கேல் அண்ட் த ரோஸ்' (1888) கதையையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். ரோஜாவும் புல்புலும் பாரசீகக் கவிதையில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து வருபவை, நமக்கு அந்நியமில்லை. காதலிக்குச் சிவப்பு ரோஜா கிடைக்கவில்லை என்று அழும் மாணவனுக்காக, முள்ளில் நெஞ்சை அழுத்தி உயிரைக் கொடுத்து ஒரு பூவை உண்டாக்குகிறது பறவை. அந்த ரோஜா கடைசியில் தெருவில் வீசப்பட்டு வண்டிச் சக்கரத்தில் நசிகிறது. பிள்ளைகள் இதையெல்லாம் எழுதிவிடுவார்கள். நடுவில் உள்ள ஒரு சிறு இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள். பறவை பாடி முடித்ததும் மாணவன் கொப்பியும் பென்சிலும் எடுக்கிறான். இதனிடம் அழகான வடிவம் உண்டு, உணர்வு உண்டா என்பது சந்தேகம், பிறருக்காகத் தன்னைத் தியாகம் செய்யவும் மாட்டாது என்று முடிவுகட்டிவிட்டுத் தூங்கப் போகிறான். அந்த இரவிலேயே பறவை முள்ளுக்குப் போகிறது.

இந்த இடத்தை அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப சேர், அவனும் டியூட்தானே எழுதுறான்?" என்றாள். ஐரனிக்கு அவள் தானாகக் கண்டுபிடித்த முதல் உதாரணம் அது. கொப்பியில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.