வெண்பனியும் வீதியும்

பனி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவது மார்கழி, தைத் திங்கள்களின் விடியற்காலமே ஆகும். புல் நுனியில் முத்துப்போல் அரும்பி நிற்கும் நீர்த்துளியையும், வயல்வெளியில் மெல்லிய ஆடை போர்த்தாற்போலப் படர்ந்திருக்கும் மூடுபனியையும் நாம் அச்சொல்லாற் குறிக்கின்றோம். கதிரவன் எழுந்து சிறிது நேரம் கழிவதற்குள் அப்பனி இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். ஆயின், உலகின் வடபகுதியில் வாழும் மக்கள் அறிந்த பனி வேறு. அது வானினின்று பஞ்சுத் துகள்போல் மெல்ல இறங்கிக் கூரைமீதும் மரத்தின்மீதும் தெருவின்மீதும் படிந்து, நாட்கணக்கிலும் திங்கட்கணக்கிலும் உருகாமற் கிடப்பது. அதனை வெண்பனி என்பர். வெண்பனி பெய்யும் நகரங்களில் தெருக்களை எவ்வாறு தூய்மை செய்கின்றனர்? அப்பணியில் நகராட்சிக்கும் குடிமக்களுக்கும் உரிய கடமைகள் யாவை? இவற்றை இப்பாடத்திற் காண்போம்.

வெண்பனி காண்பதற்கு இனியது. ஒரு துகள் உள்ளங்கையில் வீழ்ந்தால் அதன் பாரம் நமக்குப் புலப்படாது. ஆயினும், துகள் பல கோடி சேருமிடத்து அதன் பாரம் வியக்கத்தக்கதாகும். நூறு மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும் உடைய ஒரு சிறு தெருவை எண்ணிப் பாருங்கள். ஓர் இரவில் அங்கு 20 சென்டிமீட்டர் உயரத்திற்கு வெண்பனி பெய்கிறது என்று கொள்வோம். அத்தெருவில் மட்டும் 160 கன மீட்டர் பனி சேர்ந்திருக்கும். புதிதாகப் பெய்த பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம் எடை உடையது எனக் கணக்கிட்டால், அத்தெருவின் பனி 16,000 கிலோகிராம் இருக்கும். நூறு கிலோகிராம் மூட்டைகளாகக் கட்டினால் 160 மூட்டைகள் ஆகும்! ஒரு சிறு தெருவிற்கே இவ்வளவு என்றால், ஒரு மாநகரம் முழுவதற்கும் எவ்வளவு ஆகும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

இப்பனியை அகற்றாமல் விட்டால் நேரும் துன்பங்கள் பல. வண்டிச் சக்கரங்கள் அதனை அழுத்தி இறுகச் செய்யும். பகலிற் சிறிது உருகி இரவில் மீண்டும் உறைந்து, அது கண்ணாடிபோல் வழுக்கும் பனிக்கட்டியாக மாறும். நடப்போர் வீழ்ந்து எலும்பு முறிவர். தீப்பற்றிய வீட்டிற்குத் தீயணைப்பு வண்டி செல்ல இயலாது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் ஊர்தி பாதி வழியில் நின்றுவிடும். முதியோரும் உடல் நலம் குன்றியோரும் தம் இல்லங்களிலேயே சிறைப்பட்டோர் போல ஆவர். ஆதலின், குளிர் நாடுகளில் தெருவிற் பனி அகற்றுதல் அழகிற்காகச் செய்யும் பணி அன்று. உயிர் காக்கும் பணியே ஆகும்.

இப்பணி நடைபெறும் முறையை அறிவதற்கு ஏற்ற நகரம் கானடா நாட்டிலுள்ள மான்ட்ரியால் ஆகும். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவே ஒரு பெருந்தீவில் அமைந்த அந்நகரத்தில் பதினேழு லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். இலங்கையினின்று சென்று குடியேறிய தமிழர் பலரும் அவர்களுள் உளர். ஆண்டுதோறும் அங்குப் பெய்யும் வெண்பனியின் அளவு ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆகும். சாலைகளும் நடைபாதைகளும் சேர்ந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் நீளம் உள்ள அந்நகரில், பனி நீக்கும் பணி நான்கு படிகளாக நிகழ்கின்றது.

முதற்படி தூவுதல். பனி பெய்யத் தொடங்கியதும் வண்டிகள் சாலையில் உப்பைத் தூவிச் செல்கின்றன. தூய நீர் சுழியம் பாகை செல்சியஸில் உறையும். உப்புக் கலந்த நீரோ அதனினும் தாழ்ந்த வெப்பநிலையிலேதான் உறையும். ஆகவே உப்புப் பட்ட பனி இளகிச் சாலையை விட்டுப் பிரிகின்றது. ஆயினும் உப்பின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. சுழியத்திற்குக் கீழே 10 பாகைக்கும் அப்பாற் குளிர் மிகுந்தால், அது பனியை உருக்கும் வேகம் பெரிதும் குறைந்துவிடும். அந்நிலையில் சிறு கற்களைத் தூவுகின்றனர். அவை பனியை உருக்குவதில்லை. காலும் சக்கரமும் வழுக்காவண்ணம் பிடிப்பை அளிக்கின்றன.

இரண்டாம் படி ஒதுக்குதல். முகப்பில் வளைந்த எஃகுத் தகடு பூட்டிய வண்டிகள் சாலையில் ஓடி, உழவன் ஏர் மண்ணைப் புரட்டுவதுபோலப் பனியைப் புரட்டி ஓரத்தில் வரப்பாகக் குவிக்கின்றன. நடைபாதைக்கெனச் சிறிய வண்டிகள் தனியே உள்ளன.

மூன்றாம் படி அள்ளுதல். பல நகரங்களில் பனியை ஓரத்தில் ஒதுக்குவதோடு பணி முடிந்துவிடும். மான்ட்ரியாலில் அது போதாது, ஒரு பொழிவின் பனி கரைவதற்குள் அடுத்தது வந்துவிடும், வரப்பு மதிலாகும், தெரு சந்தாகும். ஆதலால் பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேற் பனி சேர்ந்தால் அதனை அள்ளி அகற்றுகின்றனர். அதற்கு முன், இன்ன நேரத்தில் இத்தெருவில் வண்டி நிறுத்தலாகாது என்று அறிவிக்கும் பலகைகளைத் தெருவோரம் நடுகின்றனர். குறித்த நேரம் நெருங்கியதும் சங்கொலி எழுப்பிக்கொண்டு இழுவை வண்டிகள் வரும். அவ்வொலி கேட்டு, உறங்குவோரும் எழுந்து ஓடித் தம் கார்களை அப்புறப்படுத்துவர். அப்புறப்படுத்தாதார் கார்களை இழுவை வண்டிகள் வேறு தெருவிற்கு இழுத்துச் செல்லும். உரியவர் தண்டமும் செலுத்த வேண்டும். பின்னர்ப் பெரிய பொறி ஒன்று வந்து, பனி வரப்பை விழுங்கி, உயர்ந்த குழாய் வழியே அருகில் ஊர்ந்து வரும் சரக்கு வண்டியில் எறியும்.

இப்பொறியை முதன்முதல் ஆக்கியோருள் சிறந்தவர் அந்நாட்டினரே. ஆர்தர் சிக்கார் என்பவர் 1876-ஆம் ஆண்டில் மான்ட்ரியாலை அடுத்த ஒரு சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தவர். குளிர்காலத்திற் பாதைகள் பனியால் அடைபடுவதன் துன்பத்தை அவர் இளமை முதலே அறிந்திருந்தார். வயலிற் கதிரடிக்கும் பொறி இயங்குவதைக் கண்டபோது, கதிரை உள்ளிழுத்து எறியும் அம்முறையைப் பனிக்கும் பயன்படுத்தலாகாதா என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது. பல ஆண்டுகள் முயன்று 1925-ஆம் ஆண்டில் அவர் பனி எறியும் பொறியைச் செய்து முடித்தார். 1927-ஆம் ஆண்டில் அதனை ஊட்ரமோன் என்னும் நகராட்சி விலைக்கு வாங்கிற்று. அந்நகராட்சி பின்னர் மான்ட்ரியாலோடு இணைந்துவிட்டது.

நான்காம் படி, அள்ளிய பனியை ஓரிடத்திற் சேர்த்தல். முற்காலத்தில் அதனை ஆற்றிற் கொட்டினர். தெருப்பனியோ தூயதன்று, உப்பு, எண்ணெய், உலோகத் துகள், குப்பை ஆகிய யாவும் அதனுட் கலந்துள்ளன. ஆறு கெடுவதை உணர்ந்து அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். இன்று அப்பனியில் ஒரு பகுதி இதற்கென ஒதுக்கிய திடல்களிற் குவிக்கப்படுகின்றது. ஒரு பகுதி கழிவுநீர்க் கால்வாய்களில் இடப்படுகின்றது. மற்றொரு பகுதி பழைய கல்லகழ் பள்ளம் ஒன்றிற் கொட்டப்படுகின்றது. அப்பள்ளத்தில் மலைபோற் குவிந்த பனி கோடையிலும் முற்றும் உருகாமற் கிடப்பதுண்டு.

இனி, இப்பணியில் எழும் மிகக் கடினமான வினாவிற்கு வருவோம். பனி எல்லாத் தெருவிலும் ஒருங்கே பெய்கின்றது. வண்டிகளோ எல்லாத் தெருவிற்கும் ஒருங்கே செல்ல இயலா. எத்தெரு முதலில்? எத்தெரு கடையில்? பெரும்பாலான நகரங்கள் பெருஞ்சாலைகளையும், பேருந்து செல்லும் வழிகளையும், மருத்துவமனைக்குச் செல்லும் பாதைகளையும் முதலில் தூய்மை செய்கின்றன. வீடுகள் மட்டும் உள்ள சிறு தெருக்கள் இறுதியிலேயே இடம் பெறுகின்றன. இவ்வரிசை அறிவுக்கு ஒத்ததே. எனினும், ‘இறுதியில்’ என்பது ‘ஒருபோதும் இல்லை’ என்றாகிவிட்டால் விளைவு யாது? அதற்கு வரலாறு விடை கூறுகின்றது.

1969-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9, 10 ஆகிய நாட்களில் நியூயார்க் மாநகரில் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் வெண்பனி பெய்தது. அத்துணைப் பனி பெய்யும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பனி நீக்கும் வண்டிகளுட் பல பழுதுற்றுக் கிடந்தன. நகரின் நடுப்பகுதியாகிய மன்ஹாட்டன் விரைவில் இயல்பு நிலையை எய்திற்று. ஆனால், நடுத்தர மக்களின் வீடுகள் நிறைந்த குவீன்ஸ் பகுதியில் நாட்கள் பல கழிந்தும் தெருக்கள் பனியால் மூடியே கிடந்தன. பேருந்து இல்லை, பால் இல்லை, குப்பை அகற்றுவார் இல்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பில் உயர் பொறுப்பு வகித்தவரும், 1950-ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவருமாகிய ரால்ஃப் பஞ்ச் அப்பகுதியில் வாழ்ந்தார். அவரும் நகர முதல்வருக்குத் தந்தி அனுப்பி முறையிட நேர்ந்தது. அப்பனியால் அந்நகரில் 42 பேர் உயிரிழந்தனர்; அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் குவீன்ஸ் பகுதியினர். நகர முதல்வர் ஜான் லிண்ட்சே அங்குச் சென்றபோது அவருடைய காரே பனியிற் சிக்கிக்கொண்டது. மக்கள் அவரைச் சினந்து இகழ்ந்தனர். அவர்கள் சினத்திற்குக் காரணம் பனி பெய்ததன்று. தாம் மறக்கப்பட்டோம் என்னும் எண்ணமே ஆகும்.

வரிசை முறையை வேறு கண்கொண்டு நோக்கியது சுவீடன் நாட்டிலுள்ள கார்ல்ஸ்கூகா என்னும் சிறு நகரம். அங்கும் பெருஞ்சாலைகளே முதலிடம் பெற்றிருந்தன. நடைபாதைகள் இறுதியில் இருந்தன. 2011-ஆம் ஆண்டளவில் அந்நகராட்சியினர் தம் பணிகளை ஆராய்ந்தபோது ஓர் உண்மையை உணர்ந்தனர். பத்து சென்டிமீட்டர்ப் பனியிற் கார் ஓட்டுதல் இயலும். ஆனால், அதே பனியிற் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடத்தல் மிக அரிது. அவ்வாறு நடப்போருட் பெண்களே மிகுதி. மேலும், பனியில் வழுக்கி வீழ்ந்து காயமுறுவோருள் கார் ஓட்டுவோரினும் நடப்போரே மிகப் பலர். இதனை உணர்ந்து, நடைபாதைகளையும் குழந்தைகள் காப்பகங்களுக்குச் செல்லும் வழிகளையும் முதலில் தூய்மை செய்யத் தலைப்பட்டனர்.

நகராட்சி செய்வன இவை. குடிமக்கள் செய்ய வேண்டுவனவும் உள. அமெரிக்க நகரங்கள் பலவற்றில், வீட்டின் முன்னுள்ள நடைபாதையைத் தூய்மை செய்தல் அவ்வீட்டார் கடமை என்று சட்டமே விதிக்கின்றது. பனி ஒதுக்கும் வண்டி கடந்து சென்றபின், ஒவ்வொரு வீட்டின் வாயிலிலும் இறுகிய பனி வரப்பு ஒன்று நிற்கும். அதனை அகன்ற மண்வாரியால் அள்ளி அகற்றுதல் வீட்டார் பொறுப்பு. அள்ளிய பனியை மீண்டும் தெருவில் எறிதல் பெருங்குற்றம். அது தன் இடரைப் பிறர்மேற் சுமத்துவதாகும். தெருவிலுள்ள தீயணைப்பு நீர்க்குழாயைச் சூழ்ந்த பனியை நீக்கி வைத்தலும் நற்செயலாகும். பனி வாருதல் கடும் உழைப்பு. குளிரில் அதனைச் செய்வது இதயத்திற்கு மிக்க சுமையைத் தரும் என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். ஆகையால், முதியோர் வீட்டு வாயிலை அண்டை வீட்டு இளைஞர் தாமே சென்று தூய்மை செய்தல் அந்நாடுகளிற் போற்றப்படும் பண்பாகும்.

உப்பையும் அளவோடு பயன்படுத்த வேண்டும் என்பதை அந்நகரங்கள் இன்று உணர்ந்துள்ளன. உருகிய நீரோடு சென்ற உப்பு ஏரிகளையும் ஓடைகளையும் அடைந்து மீன்களுக்குக் கேடு விளைக்கின்றது. சாலையோர மரங்களை வாட்டுகின்றது. பாலங்களின் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. இன்றைய துன்பத்தைப் போக்கும் மருந்து நாளைய நோயாகிவிடலாகாது அன்றோ?

வெண்பனியைத் தடுத்தல் மனிதனால் இயலாது. ஆனால், முன்னறிந்து பொறிகளைச் செவ்வையாக வைத்தலும், வண்டிகளை முறையே அனுப்புதலும், அறிவிப்புக்குப் பணிந்து காரை நகர்த்துதலும், அயலார் வாயிலைத் தன் வாயிலாக எண்ணுதலும் இயலும். ஊர் கூடித் தேர் இழுத்தல் என்று நாம் கூறுவது இதற்கும் பொருந்தும். ஒரு நகரத்தின் சிறப்பை அதன் பெருஞ்சாலைகளைக் கொண்டு அளந்தறிதல் எளிது. ஆயினும், கடைசிச் சிறு தெருவின் கடைசி வீட்டில் வாழும் முதியவளின் வாயில் வரையில் வழி திறந்துள்ளதா என்று நோக்குவதே அதனை உண்மையில் அளந்தறியும் முறையாகும்.