ராணுவ டிரெய்லரை ஏலத்தில் எடுத்தாச்சு... வீட்டுக்கு எப்படி இழுத்துட்டு வர்றது?

அமெரிக்க ராணுவம் கழித்துவிடும் ஹம்வீ டிரெய்லர்களைப் பொதுமக்களும் ஆன்லைன் ஏலத்தில் எடுக்கலாம். சிக்கல், யார்டு வாசலில்தான் ஆரம்பம்.

சாதாரண பிக்கப் வண்டியின் பின்னால் இருப்பது உருண்டைக் கொக்கி. எம்1101 டிரெய்லரின் முனையில் இருப்பதோ இரும்பு வளையம். அதை மாட்ட 'பின்டில்' கொக்கி தனியா வாங்கணும். விளக்குகளும் 24 வோல்ட். பிக்கப்போ 12 வோல்ட். அப்படியே இணைத்தால் மங்கலா எரியும், இல்லேன்னா எரியவே எரியாது. நீங்க பிரேக் போடுறது பின்னால் வர்றவருக்கு எப்படித் தெரியும்? தற்காலிக விளக்கு செட் ஒண்ணைக் கையோடு கொண்டுபோங்க.

இதையெல்லாம் விட முக்கியம், டயர். பட்டன் தேயாமல் புதுசு மாதிரியே மின்னும், ஏமாறாதீங்க. பக்கவாட்டில் 'டாட்' குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 0809 என்றால், அது 2009-ம் ஆண்டின் 8-வது வாரத்தில் தயாரானது. அவ்வளவு பழசோடு நெடுஞ்சாலையில் ஏறினால் நடுவழியில் வெடிக்கலாம். ஏலத்தில் மிச்சம் பிடித்த காசு போனாலும் பரவாயில்லை, லாரியில் ஏற்றி வாங்க.