வாயில்லா ஜீவனின் வாய்

வீட்டில் வளரும் நாய் ஒரு வேளைச் சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டால் பதறிப்போகிற நாம், அதன் வாயிலிருந்து மாதக்கணக்காக வீசும் துர்நாற்றத்தை மட்டும், நாய் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிடுகிறோம். ஆரோக்கியமான நாய்க்கோ பூனைக்கோ அத்தகைய நாற்றம் இயல்பன்று. ஈறுகளின் ஓரத்தில் கிருமிகள் குடியேறி, பல்லைத் தாங்கி நிற்கும் எலும்பை மெல்ல மெல்ல அரித்துவருகின்றன என்பதற்கு அதுவே பெரும்பாலும் முதல் அடையாளம். மூன்று வயதைக் கடந்த நாய்களிலும் பூனைகளிலும் பெரும்பாலானவற்றை ஈறு வியாதி ஏதேனும் ஓர் அளவில் பற்றியிருக்கிறது.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. நாயின் மேலுதட்டைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கிப் பார்த்தால், கோரைப்பல்லுக்கு வெகு பின்னால், மற்றவற்றைவிடப் பெரிதாக, மூன்று வேர்களை ஊன்றிக்கொண்டு நிற்கும் பல் ஒன்று தெரியும். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை உரசியபடி இறங்கி மாமிசத்தை நறுக்குவது இதுதான். கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளம் இதற்கு நேர் எதிரே வந்து திறப்பதால், உமிழ்நீரில் உள்ள சுண்ணச்சத்து முதலில் இதன்மேல்தான் படிகிறது. துடைக்கப்படாத ஊத்தை சில நாட்களுக்குள், உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் ஏடு கட்டுவதுபோல, மஞ்சளும் பழுப்புமான காரையாக இறுகிவிடுகிறது. நாயின் உமிழ்நீர் நம்முடையதைவிடக் காரத்தன்மை மிக்கதாகையால் அதற்குச் சொத்தைப்பல் அபூர்வம். ஆனால் அதே காரணத்தால் காரை வெகு சீக்கிரம் கட்டிவிடும். இந்தப் பல்லின் வேர் நுனியில் சீழ் கோத்தால் வீக்கம் கண்ணுக்குக் கீழே வெளிப்படும். அதைக் கண்நோய் என்றெண்ணிச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

இவ்வளவு வேதனையிலும் அந்தப் பிராணி உண்பதை நிறுத்துவதில்லை; வலியை மறைப்பது அதன் பிறவிக்குணம். ஒரே பக்கமாக மெல்லுதல், கவளத்தை நழுவவிடுதல், முகத்தை முன்காலால் தேய்த்தல் ஆகிய சிறு குறிகளைக் கொண்டே நாம் அறிய வேண்டும்.

மிருதுவான பிரஷையோ, விரலில் சுற்றிய ஈரத்துணியையோ கொண்டு தினந்தோறும் பற்களின் வெளிப்புறத்தைத் துலக்குவதற்கு நிகரான பரிகாரம் வேறில்லை. நாம் உபயோகிக்கும் பற்பசை மட்டும் கூடாது. கொப்பளித்துத் துப்பத் தெரியாத ஜீவன் அதன் ஃப்ளோரைடை விழுங்கிவிடும். சில பசைகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால், நாயின் ரத்தத்திலுள்ள சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்திவிடும். இறுகிப்போன காரையை மயக்கமருந்து கொடுத்து மருத்துவர் சுரண்டி எடுப்பதே முறை. எலும்பைக் கடித்தால் பல் தானே சுத்தமாகும் என்ற நம்பிக்கையில் கொஞ்சம் உண்மை இருந்தாலும், கடினமான எலும்பு மேற்சொன்ன பெரிய பல்லையே பிளந்துவிடக்கூடும். வெந்த எலும்போ சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

ஆகார விஷயத்தில் நாயையும் பூனையையும் ஒரே பந்தியில் அமர்த்துவது பெரும்பிழை. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்குரிய மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளே இருக்க, நாயிடம் 4 முதல் 30 வரை பெருகியிருப்பதை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் 2013-இல் வெளியிட்டார்கள். ஆகவே, மனிதனை அண்டி வாழ்ந்த நாய்க்குச் சோறு விரோதமன்று. வெறும் தயிர்சாதத்திலேயே அதன் ஆயுளை ஓட்டுவதுதான் தவறு. புரதமும் பிற சத்துகளும் அதில் போதா. பூனையோ இன்றளவும் சுத்த மாமிசபட்சிணி. டாரின் என்னும் சத்தைத் தன் தேவைக்கு வேண்டிய அளவு உடலில் தயாரித்துக்கொள்ள அதற்கு இயலாது. தாவர உணவில் அது அநேகமாக இல்லை, பசும்பாலிலும் மிகச் சொற்பம். 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் பால் பியன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், இருதயத் தசை தளர்ந்து வீங்கிய பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதைக் கண்டு அதை ஊட்டியபோது, தீராத வியாதி என்று கருதப்பட்டது தீர்ந்தது. அப்பூனைகள் பட்டினி கிடந்தவை அல்ல. சத்தெல்லாம் நிறைந்ததாகக் கருதப்பட்ட தயாரிப்பு உணவையே உண்டுவந்தவை. அதன் பிறகே அவ்வுணவுகளில் டாரினின் அளவு கூட்டப்பட்டது. பாலும் சோறும் மட்டும் வார்த்து அன்போடு பூனை வளர்க்கும் நம் வீடுகள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

பண்டிகை நாட்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. பாயசத்து உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது. சாம்பார் வெங்காயம் இரு பிராணிகளுக்குமே சிவப்பணுக்களைச் சிதைக்கும். காய்ச்சல் என்று பூனைக்கு நாமாகக் கொடுக்கும் ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை அதன் உயிரையே வாங்கிவிடலாம்.

எதை ஊட்டுவது என்பதைப் போலவே, எவ்வளவு ஊட்டுவது என்பதும் முக்கியமானது. 48 லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைத்து உணவளித்து, ஆயுள் முழுவதும் கவனித்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2002-இல் வெளியாயிற்று. குறைவாக உண்டவை ஏறக்குறைய 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவாதமும் அவற்றைத் தாமதமாகவே பற்றியது. விலாவின்மீது உள்ளங்கையை வைத்துத் தடவும்போது, அழுத்தாமலே எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையென்றால் மறுவேளையிலிருந்தே ஒரு கவளம் குறைக்கலாம்.