திமிங்கலம் பார்க்க ஐஸ்லாந்து போறீங்களா? டிக்கெட் போடும் முன் இதைப் படிங்க!

பனி மூடிய மலை, நீலக் கடல், திடீரென எழும் ஒரு பிரமாண்ட வால். ஐஸ்லாந்து ரீல்ஸ் பார்க்கும் யாருக்கும் இந்தக் காட்சி பழக்கம்தான். ஆனால் அந்த 15 விநாடிக்காக, குளிரில் 3 மணி நேரம் படகில் நிற்க வேண்டும். நமக்கு அது சுற்றுலா. திமிங்கலத்துக்கோ அது சாப்பாட்டு நேரம். அதனால்தான் எந்தப் படகில் ஏறுகிறோம் என்பது முக்கியம்.

எங்கே போகணும்?

தலைநகர் ரெய்க்யவிக்கிலேயே படகுகள் உண்டு. ஆனால் இதற்குப் பேர்போன ஊர், வடக்குக் கரையில் இருக்கும் ஹூசாவிக். ரெய்க்யவிக்கிலிருந்து காரில் சுமார் 6 மணி நேரம். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் மீன்பிடி ஊரான இங்கே, 1990-களின் நடுவில் திமிங்கலச் சுற்றுலா தொடங்கியது. திமிங்கலங்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது.

திமிங்கலம் ஏன் அங்கே வருது?

காரணம் சிம்பிள்: சாப்பாடு! ஹூசாவிக் அருகே ஆறுகள் கடலில் கலக்கின்றன. கோடையில் கிட்டத்தட்ட 24 மணி நேரமும் வெளிச்சம். இதனால் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன இறால் போன்ற சிற்றுயிர்களும் சிறு மீன்களும் கூடுகின்றன. அவற்றைத் தேடி ஹம்ப்பேக், மிங்கி திமிங்கலங்கள் வருகின்றன. கோடையின் தொடக்கத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் நீலத் திமிங்கலமும் கண்ணில் படும்.

ஹம்ப்பேக் திமிங்கலங்கள் குளிர்காலத்தில் இனப்பெருக்கத்துக்காக கரீபியன் போன்ற வெப்பக் கடல்களுக்குப் போய்விடும். அங்கே அவை ஏறக்குறைய பட்டினிதான். வடக்கில் தின்று சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் அந்த மாதங்களைத் தாண்ட வேண்டும்.

படகு போனா என்ன ஆகும்?

திமிங்கலங்களுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். எஞ்சின் சத்தமும், துரத்தி வரும் படகும் அவற்றின் சாப்பாட்டைக் கெடுக்கும். ஐஸ்லாந்தின் ஃபாக்சா விரிகுடாவில் மிங்கி திமிங்கலங்களைக் கவனித்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. படகுகள் அருகில் இருக்கும்போது அவை இரை தேடுவது குறைந்ததை அந்த ஆய்வு காட்டியது. ஒரு படகு, ஒரு நாள் என்றால் பெரிய பாதிப்பு இருக்காது. கோடை முழுக்க, தினமும் பல படகுகள் என்றால்?

ஐஸ்லாந்தின் படகு நிறுவனங்கள் பல சேர்ந்து நடத்தும் ஐஸ்வேல் என்ற அமைப்பு, இதற்காக நடத்தை விதிகள் வகுத்திருக்கிறது. திமிங்கலத்தை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கணும், துரத்தக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஹூசாவிக்கில் 2015-லேயே ஓப்பல் என்ற பாய்மரக் கப்பலில் மின்சார மோட்டார் பொருத்தப்பட்டது. சத்தம் குறைவு, புகையும் இல்லை.

அதே நாட்டில் வேட்டையுமா?

ஆமாம். வணிகத் திமிங்கல வேட்டைக்கு 1986-ல் சர்வதேசத் தடை அமலுக்கு வந்தும், ஐஸ்லாந்து 2006-ல் அதை மீண்டும் தொடங்கியது. பல திமிங்கலங்கள் உடனே சாகாமல் நீண்ட நேரம் துடிப்பதாக அரசு அமைப்பின் அறிக்கை சொன்னதால், 2023 கோடையில் வேட்டை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. தடை முடிந்ததும் அந்த ஆண்டே 24 ஃபின் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. 2024, 2025 கோடைகளில் ஃபின் வேட்டை நடக்கவில்லை. ஆனால் 2024 டிசம்பரில் அரசு ஐந்தாண்டு அனுமதி கொடுத்திருக்கிறது.

இதில் சுற்றுலாப் பயணிக்கும் பங்கு உண்டு. 'ஒரு தடவை ருசிச்சுப் பார்ப்போம்' என்று உணவகத்தில் திமிங்கல இறைச்சி கேட்பவர்களில் வெளிநாட்டுப் பயணிகளும் இருக்கிறார்கள். காலையில் படகில் பார்த்து ரசித்ததை ராத்திரி தட்டில் ஆர்டர் செய்யாதீர்கள் என்று பிரசாரமே நடந்திருக்கிறது.

கிளம்பும் முன் செக்லிஸ்ட்

* இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும்.
* ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல சீசன். கோடையிலும் கடலில் குளிர் நடுக்கும். மேலே போட்டுக்கொள்ள கனமான உடையைப் படகிலேயே பெரும்பாலும் தருவார்கள். தொப்பி, கையுறை உங்கள் பொறுப்பு.
* கடலில் வாந்தி வருமா? மாத்திரையை ஏறும் முன்பே போடுங்கள். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் பலன் குறைவு.
* '3 மணி' என்று வழிகாட்டி கத்தினால் வாட்ச்சைப் பார்க்காதீர்கள். படகின் முன்பக்கம் 12 மணி, வலதுபக்கம் 3 மணி.
* திமிங்கலமே தென்படவில்லையா? பல நிறுவனங்கள் இன்னொரு பயணம் இலவசமாகத் தரும். முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.
* கூடவே இதையும் கேளுங்கள்: "நீங்கள் ஐஸ்வேல் உறுப்பினரா? திமிங்கலத்துக்கு எவ்வளவு தூரத்தில் படகை நிறுத்துவீர்கள்?" 'தொடுற தூரம் வரைக்கும் கூட்டிட்டுப் போறோம்' என்று பதில் வந்தால், வேறு படகைப் பாருங்கள்.