பரணில் இடமில்லை!

உங்கள் வீட்டுப் பரணை என்றைக்காவது முழுக்க இறக்கிப் பார்த்ததுண்டா, சகோதரி? மூடி இல்லாத கூஜா இருக்கும். கூஜா இல்லாத மூடியும் இருக்கும். யாருடைய கல்யாணத்திலோ வந்த பிளாஸ்டிக் கூடைகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு இருக்கும். நாம் தேடி ஏறிய இட்டிலிக் கொப்பரை மட்டும் கண்ணில் படாது. "இனி ஒரு துரும்பு வைக்கக்கூட இடமில்லை" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வருவோம்.

கையில் வைத்திருக்கிறோமே போன், அதற்குள்ளும் ஒரு பரண் இருக்கிறது. அதுவும் ஒரு நாள் "இடமில்லை" என்று சொல்லும். அதைச் சொல்வதற்கு அது தேர்ந்தெடுக்கிற நேரம் இருக்கிறதே, அதுதான் விசேஷம்!

என் சின்னம்மாவுக்கு அந்த நேரம் சங்கரன்கோவிலில், ஆடித் தபசு அன்று வாய்த்தது. சின்னம்மா இருப்பது சிவகிரியில். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், மேற்கே பார்த்தால் மலை தெரிகிற ஊர். 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் சின்னம்மா இன்னும் "திருநெல்வேலி ஜில்லா" என்றுதான் விலாசம் சொல்வாள். கோமதியம்மன் தவம் பலித்து, சங்கரநாராயணராக சுவாமி காட்சி கொடுக்கிற வேளை. சுற்றிலும் ஜனங்கள் பருத்தியும் வற்றலும் சூறை விடுகிறார்கள். சின்னம்மா பக்தி சிரத்தையாகப் போனை உயர்த்திப் பிடித்துப் பொத்தானை அமுக்கினாள். "சேமிக்கப் போதிய இடமில்லை" என்றது போன். சுவாமி காட்சி கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்திலிருந்த பெண்மணியின் தலை மட்டும், அதுவும் பாதி, படத்தில் இருந்தது.

மறுநாள் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். எந்தக் கடை என்பது நமக்கு வேண்டாம். "ரீசெட் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும், பாட்டி" என்றானாம் பையன். "உள்ளே இருக்கிறதெல்லாம்?" என்று கேட்டாள். "எல்லாம் போயிடும்" என்றான். சின்னம்மா ஒன்றும் பேசாமல் போனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டாள். ராத்திரி எனக்குப் பேசினாள். "இதுல உங்க சித்தப்பா சத்தம் இருக்கு. அது போயிருமாமே" என்றாள்.

சித்தப்பா காலமாகி நான்கு வருஷமாகிறது. அவருக்கு எழுத்து டைப் அடிப்பதென்றால் அலர்ஜி. வாட்ஸ்அப்பில் எதுவானாலும் பேசித்தான் அனுப்புவார். தோட்டத்திலிருந்து வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குரல் கடிதம் வந்துவிடும்.

சனிக்கிழமை சிவகிரிக்குப் போனேன். பலகாரம் வருவதற்கு முன்பே போன் என் மடிக்கு வந்துவிட்டது. அன்று நான் செய்ததைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன். ஒவ்வொரு கம்பெனி போனிலும் பொத்தான்களின் பெயர் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்; விஷயம் ஒன்றுதான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கடையில் "4 ஜி.பி., 64 ஜி.பி." என்று இரண்டு கணக்குச் சொல்வார்கள். முதலாவது ராம் என்பது; அரிவாள்மணைக்கு முன்னால் காய்களைப் பரப்பி வைக்கிற இடம் மாதிரி. வேலை முடிந்ததும் காலியாகிவிடும். இரண்டாவதுதான் பரண். படமும் கடிதமும் பாட்டும் அங்கேதான் கிடக்கும். பரணில் பாதியை வீட்டுக்காரர் முன்னதாகவே பூட்டி வைத்திருப்பது போல, போன் தன்னை இயக்கும் சாமான்களுக்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சின்னம்மாவுடையது 32 ஜி.பி. போன், அவளுக்கென்று மிஞ்சியது இருபதுக்குச் சற்று மேல்தான்.

'செட்டிங்ஸ்' போய் 'ஸ்டோரேஜ்' என்பதைத் தொட்டால் எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று கணக்குப் பிள்ளை மாதிரி எழுதிக் காட்டும். சின்னம்மா போனில் வாட்ஸ்அப் மட்டும் 11 ஜி.பி! காலியிடம் ஏறக்குறையப் பூஜ்யம். முழுக்க நிறைவதற்கு முன்பே போன் தடுமாற ஆரம்பிக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கும் புழங்கக் கொஞ்சம் இடம் வேண்டும் அல்லவா? படம் பாதியில் அறுந்து போகும், டவுன்லோட் நின்றுவிடும், செயலிகள் திறந்து திறந்து மூடிக்கொள்ளும். போன் கெட்டுவிட்டது என்று நாம் புதிசுக்குப் பணம் சேர்க்கத் தொடங்குவோம். முடிந்த அளவு காலியாக வைத்தால் உத்தமம், ஒன்றிரண்டு ஜி.பி.யாவது காலி இருக்கட்டும்.

இந்த இடத்தில் பதற்றப்பட்டு அழிக்க உட்கார்ந்துவிடாதீர்கள். பரணை ஒழிக்கும்போது நகைப் பெட்டியை முதலில் இறக்கிப் பீரோவில் வைத்துவிட்டுத்தானே துடைப்பத்தை எடுப்போம்? சின்னம்மாவின் நகைப் பெட்டி சித்தப்பாவின் குரல். வாட்ஸ்அப் குரல்களெல்லாம் போனுக்குள் ஓர் அறையில் இருக்கின்றன. 'ஃபைல்ஸ்' செயலியைத் திறந்து, உள் சேமிப்பில் 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா', அதற்குள் 'காம்.வாட்ஸ்அப்' என்று பெட்டிக்குள் பெட்டியாகப் போனால் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' கிடைக்கும். யார் பேசியது என்ற பெயர் அங்கே இருக்காது, தேதிதான் இருக்கும். ஆகவே பொறுக்கிக் கொண்டிருக்காமல் அந்தப் பெட்டியை அப்படியே ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தேன். போனில் பென் டிரைவைச் செருக 'ஓ.டி.ஜி.' என்று சின்ன இணைப்பு ஒன்று விற்கிறது. பிறகு சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, சித்தப்பாவுடையதை மட்டும் பிரித்து என் மெயிலுக்கும் பேத்தியின் மெயிலுக்கும் அனுப்பினோம்.

அதற்குத்தான் நேரமாயிற்று. நூற்றுச் சொச்சம் குரல்கள். "ஏளா, மோட்டார் ஓடுதா? கரண்டு போயிருந்தா நீ தொடாத. நான் வாரேன்." ஒன்பது வினாடி. இந்த ஒன்றை சின்னம்மா மூன்று தரம் போடச் சொன்னாள். பலகாரம் ஆறிப் போயிற்று. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

ஆனால் கணக்கைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அத்தனை குரலும் சேர்த்து 3 மெகாபைட்! 11 ஜி.பி. என்றால் பதினோராயிரம் மெகாபைட். அதில் மூன்றே மூன்று. 1956-இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி 'ராமாக்' என்ற கம்ப்யூட்டருடன், சுழலும் தட்டில் தகவலைச் சேமிக்கிற முதல் இயந்திரத்தை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு டன்னுக்கு மேல் எடை. இரண்டடி அகலத்தில் ஐம்பது தட்டுகள். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துக்கள். அந்தப் பழைய ராக்ஷஸனுக்குள்ளேயே சித்தப்பாவின் நான்கைந்து வருஷப் பேச்சு அடங்கிப் போயிருக்கும். அப்படியானால் மிச்ச இடத்தை அடைத்துக் கொண்டிருந்தது யார்?

வாட்ஸ்அப்பில் மேலே மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'செட்டிங்ஸ்', 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று போனேன். '5 எம்.பி.க்கு மேற்பட்டவை' என்று ஒரு குவியல். 'பலமுறை அனுப்பப்பட்டவை' என்று இன்னொரு குவியல். திறந்தால், ரோஜாப் பூவின் மேல் காலை வணக்கம். காபிக் கோப்பையின் மேல் காலை வணக்கம். விநாயகர் கையை அசைத்துச் சொல்லும் காலை வணக்கம். சர்க்கரை வியாதிக்குக் கொய்யா இலை வீடியோ நாலு பேரிடமிருந்து நாலு தரம். இவற்றைத் தாராளமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கலாம். ஒரு ஜாக்கிரதை: கீழே ஒவ்வொருவர் பெயரிலும் கணக்கு இருக்கும். அதில் வேண்டியவர் பெயருக்குள் போய் 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்று மட்டும் அமுக்கிவிடாதீர்கள்.

இனிமேல் தானாக வந்து குவியாமல் இருக்க, அதே 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வில் 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' இருக்கிறது. மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் டிக்குகளை எடுத்துவிடுங்கள். குரல் கடிதம் எப்போதும் போல் தானே வரும். படமும் வீடியோவும் நீங்கள் தொட்டால்தான் இறங்கும். 'மீடியா விசிபிலிட்டி' என்பதை நிறுத்திவிட்டு இடம் மிச்சமாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் உண்டு. அது திரைச்சீலை போடுவது போலத்தான். காலரியில் படம் தெரியாது, பரணில் இருக்கும்.

"அழித்தேனே, இடம் வரவில்லையே!" என்று கேட்பீர்கள். அழித்த படம் நேரே வெளியே போவதில்லை, குப்பைத் தொட்டிக்குப் போகிறது. கூகிள் போட்டோஸில் காப்பு எடுத்த படம் 60 நாளும், எடுக்காதது 30 நாளும் அங்கே இருக்கும். தப்பாக அழித்ததை மீட்க அது சௌகரியம். அவசரமாக இடம் வேண்டுமானால் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். கூகிள் போட்டோஸில் இன்னொரு வலை உண்டு. "மேலே மேகத்தில் இருக்கிறதே" என்று நம்பிப் போனில் இருக்கும் படத்தை அந்தச் செயலியிலேயே அழித்தால், மேகத்திலிருந்தும் போய்விடும். 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற பொத்தான்தான் சரியானது. பத்திரமாக மேலே ஏறியதை மட்டும் போனிலிருந்து எடுக்கும்.

மேகத்திலும் இலவசத்துக்கு எல்லை வந்துவிட்டது. 2021 ஜூன் 1 முதல் கூகிள் படங்களுக்குத் தனிச் சலுகை கிடையாது. படம், மெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. 2024-லிருந்து ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் காப்பும் அதே கணக்கில் ஏறுகிறது. அது நிரம்பினால் மெயில்கூட வராது.

'கிளியர் கேஷ்' என்றும் 'கிளியர் டேட்டா' என்றும் இரண்டு பொத்தான்கள் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதலாவது மேடையைத் துடைப்பது, பயமின்றிச் செய்யலாம். இரண்டாவது அலமாரியையே கவிழ்ப்பது. வாட்ஸ்அப்பில் அதை அமுக்கினால், காப்பு எடுத்திருந்தாலொழிய, உரையாடல்கள் அம்போ.

சரி, மெமரி கார்டுக்கு வருவோம். நகத்தளவு சில்லு. சந்தையில் '512 ஜி.பி.' என்று அச்சடித்து மலிவு விலைக்கு விற்கிற சிலவற்றின் உள்ளே இருப்பது எட்டோ பதினாறோதான். போனிடமும் பொய்க் கணக்கே சொல்லும். உண்மையான அளவு தாண்டியதும் புதிதாக வைப்பது எங்கேயோ தொலையும், அல்லது பழையதை மிதிக்கும். பெயர் தெரியும், படம் திறக்காது. நல்ல கார்டுக்கும் ஆயுள் உண்டு. எழுதி எழுதித் தேய்ந்த கார்டு சில சமயம் "இனிப் படிக்க மட்டுமே" என்று தன்னைப் பூட்டிக்கொள்ளும். அழித்த படம் மறுநாள் திரும்ப வந்து நிற்கும். பேய் பிசாசு என்று பயப்பட வேண்டாம். உள்ளதை உடனே வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டுக் கார்டை மாற்றுங்கள். "கார்டு பழுது, ஃபார்மட் செய்யவா?" என்று போன் கேட்டால் சம்மதம் சொல்லாதீர்கள். கழற்றி ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பல சமயம் படங்கள் கிடைத்துவிடும். ஆனால், 'உள் சேமிப்பாக' மாற்றிய கார்டு அந்தப் போனைத் தவிர வேறெதிலும் வாய் திறக்காது. சும்மா கழற்றுவதானாலும் செட்டிங்ஸில் 'அன்மவுண்ட்' செய்துவிட்டுக் கழற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது நோட்டைப் பிடுங்கினால் என்ன ஆகும்?

சின்னம்மா போனில் இன்னொரு வேடிக்கை. தோட்டத்துப் பட்டா ஒன்பது பிரதி இருந்தது! இறக்கியது எங்கே போயிற்று என்று தெரியாமல் ஒவ்வொரு தரமும் புதிதாக இறக்கியிருக்கிறாள். இறக்குவதெல்லாம் 'டவுன்லோட்ஸ்' என்ற பெட்டியில்தான் இருக்கும். "ஆதார் திறக்கவில்லை, கெட்டுவிட்டது" என்றும் ஒரு புகார். அது பூட்டு போட்டே வருவது. ஆதாரில் ஆங்கிலத்தில் உள்ளபடி பெயரின் முதல் நாலு எழுத்து, பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருஷம். அதுதான் சாவி.

சாயங்காலம் பார்த்தபோது ஒன்பது ஜி.பி. காலியாக இருந்தது. சின்னம்மா முற்றத்தில் நின்று, மலையையும் அதன் மேல் இறங்கிய மேகத்தையும் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்தாள். போன் ஒன்றும் சொல்லவில்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட்டேன்: "தினமும் விடியற்காலையில் அந்த விநாயகர் வீடியோவை உங்களுக்கு அனுப்புகிற மகராசி யார் சின்னம்மா? நம்பரைச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்."

சின்னம்மா ரகசியமாகச் சிரித்தாள்.

"வேற யாரு? எங்க அக்காதான். உங்க அம்மை!"